வால் நறுக்கிய ஊரி

மீன் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
செவுளைத் தூக்கி, கண்ணை உற்று,
வெப்பமானியைச் சொருகி
மைனஸ் பதினெட்டு என்று எழுதுகிறவள்.
தூத்துக்குடியில் என் கையெழுத்தில்லாமல்
ஒரு கணவாய்கூடக் கப்பலேறாது என்று
வண்டியில் தேவேந்திரனிடம் அளந்துகொண்டே வந்தேன்.
பினாங்குப் பாலத்தை விட்டு வெகுதூரம் வந்த பிறகு அவர்
"பசியாறிட்டீங்களாக்கா?" என்றார்.
மாலை ஆறு மணி.

தெலுக் கும்பார்.
கடலுக்கு முதுகு காட்டி நின்றன
பிளாஸ்டிக் நாற்காலிகள்.
தட்டு வந்தது.
மஞ்சள் ஏறிய தேங்காய்ப்பாலில் கழுத்தளவு முங்கி
கறுத்த, நீண்ட, சுண்டுவிரல் பருமன் ஊரிகள்,
நாற்பதுக்குக் குறையாது.
வால்நுனி எல்லாவற்றுக்கும் நறுக்கியிருந்தது.
புளிச்சக்காய்த் துண்டுகள், ஒரு மஞ்சளிலை.
கரண்டி இல்லை, முள் இல்லை,
ஒரு குண்டூசிகூட இல்லை.

"சிப்புட் செடுட். செடுட்னா உறிஞ்சுறது.
வெக்கப்படாம உறிஞ்சுங்க."

முதலாவது வரவில்லை.
இரண்டாவது குழம்பை மட்டும் தந்தது.
மூன்றாவதில் காற்று வந்து
மூக்கு வழியாக மிளகாய் போனது.
பக்கத்து மேசையில் ஒரு சிறுமி
கணக்கு நோட்டிலிருந்து தலை நிமிராமல்
உறிஞ்சினாள், போட்டாள், உறிஞ்சினாள், போட்டாள்.
பீங்கான் கிண்ணத்தில் டக், டக்.
வகுத்தல் கணக்கு. மீதி இரண்டு.

கடைக்கார ரொஹாயா கையைத் துடைத்தபடி வந்து
என் தட்டிலிருந்தே ஒன்றை எடுத்தார்.
வாலில் ஒரு சின்ன இழுப்பு.
திருப்பி, வாயில் ஒரு பெரிய இழுப்பு.
முடிந்தது.
அப்புறம் கேட்டார், தேவேந்திரன் மொழிபெயர்த்தார்:
உங்க ஊர்ல இது இருக்கா?
இருக்கு. ஊரின்னு சொல்லுவோம்.
எப்படிச் சமைப்பீங்க?
சுடுவோம்.
எவ்வளவு நேரம்?
ராத்திரி முழுக்க, கரி போட்டு, காளவாசல்ல.

ரொஹாயா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

வெள்ளையாகிவிடும். அதில் தண்ணீர் தெளித்தால்
அடுப்பே இல்லாமல் கொதிக்கும்.
ஆறியதும் விரலில் தொட்டு
வெற்றிலையில் தடவிப் போட்டுக்கொள்வோம்.
ஓட்டையா?
ஓட்டைத்தான்.
அப்போ உள்ளே இருந்தது?

இருபத்தோரு வருடம் துறைமுகத்தில் வேலை.
"தெரியல" என்றேன்.
அதை தேவேந்திரன் மொழிபெயர்க்கவில்லை,
மொழிபெயர்க்க வேண்டியிருக்கவுமில்லை.
ரொஹாயா திரும்பி எல்லா மேசைக்கும் கேட்கும்படி
மலாயில் ஏதோ சொன்னார்.
நண்டுக் காலைக் கடித்துக்கொண்டிருந்த ஒருவர்
கடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.
சிறுமியும் இப்போதுதான் நிமிர்ந்தாள்.
அன்று அந்தக் கடையில்
தட்டில் இருந்த எதையும்விட
விநோதமான பிராணி நான்.

நான்காவது வந்தது.
எதிர்பாராமல், தொண்டைக்கு நேராக.
பிடித்து நிறுத்தி மென்றேன்.
சேறு. கழுவித் துடைத்த சேறு.
முதலில் ரப்பராய் முரண்டுபிடித்து
பிறகு திடீரென்று விட்டுக்கொடுத்தது.
கடைவாயில் நறுக்கென்று ஒரு மணல்.
செவுளும் கிடையாது, கண்ணும் கிடையாது,
எதைப் பார்த்து இதற்குத் தரம் எழுதுவேன்?
ஐந்தாவதை எடுத்தேன். ஆறாவதை.
உறிஞ்சும் சத்தம் எனக்கே அசிங்கமாக இருந்தது
ஒன்பதுவரை.

மூன்று மட்டும் கடைசிவரை வரவில்லை.
என் பலத்தில் குறை என்று நினைத்து
கன்னம் குழிய இழுத்துப் பார்த்தேன்.
ரொஹாயா அவற்றை வாங்கி முகர்ந்து
கடல் பக்கமாய் எறிந்தார்.
சட்டிக்கு வருமுன்பே செத்ததாம்,
செத்தது வராதாம்.
இதை அவர்
எந்தப் படிவத்திலும் நிரப்பவில்லை.

மறுநாள் காலை
குளிர்பதனப் பயிற்சியின் இரண்டாம் நாள்.
வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே
கையெழுத்துக்கு முந்திக்கொண்டு விழுந்துவிட்டது,
எத்தனை முறை சோப்பு போட்டும் போகாத
மஞ்சள் பெருவிரல் ஒன்று.